மாமனார் துப்பிய தண்ணீர்

எச்சில் என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து குமட்டும். பௌர்ணமி கிரிவலம் முடிந்த மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் சுவரெல்லாம் வெற்றிலைக் கறை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நடப்பேன். சர்ச்சில் எல்லோரும் வாய்வைத்துக் குடிக்கும் திருவிருந்துக் கிண்ணம் என் முறைக்கு வரும்போதுகூட, உதடு நனைந்தும் நனையாமலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்து சேர்ந்தது. பக்கவாதம் வந்து அவருக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, எந்நேரமும் எச்சில் ஒழுகிக்கொண்டிருக்கும். பேச்சு குழறும். சபையில் நெடுங்காலம் மூப்பராக இருந்தவர். அவர் ஜெபம் பண்ணினால் சபையே அழும் என்பார்கள். என் கணவருக்கு ஓசூரில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். என் வயதுதான் இருக்கும். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குக் காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். அவள் கையால் கஞ்சி குடித்து அவருக்கு உடம்பும் கொஞ்சம் தேறியது.

விடியற்காலையில் எழுந்து வேதத்தில் ஒரு பகுதி வாசித்து, நேற்று எங்கே தப்பினேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு ஜெபிப்பது என் வழக்கம். அந்த வாரம் பிறவிக் குருடனின் கதை. ஆண்டவர் தரையில் துப்பி, அந்த எச்சிலில் சேறு குழைத்து, அவன் கண்ணில் பூசுகிறார். அந்த இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. வெறுங்கையால் தொட்டிருந்தால் ஆகாதா என்று தோன்றியது. வேதத்தை மூடிவைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. பதினொரு மணி வாக்கில் சபைக்காரர் ஒருவர் மாமாவைப் பார்க்க வந்தார். அந்தப் பெண் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் மாமாவின் காதருகே குனிந்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"இவள எனக்குத் தெரியும் ஐயா. காலனித் தெருக்காரி. உங்களுக்குத் தெரியாதா?"

மாமா அவள் போன பக்கம் பார்த்தார். வந்தவர் காபியைத் தொடாமலே எழுந்து போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மாத்திரைக்குத் தண்ணீர் கொடுத்தாள். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். மாமா தண்ணீரை வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். விழுங்கவில்லை. அவள் முகம் கிட்டே வரும்வரை காத்திருந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் துப்பினார்.

"இவ கையால... வேணாம்."

பக்கவாதம் வந்தபிறகு இத்தனை தெளிவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் புடவையைப் பார்த்தேன். மேலே தெறித்திருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். நான் நிமிர்ந்தபோது அவள் கண்ணிமையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"உடம்புக்கு முடியாதவர்ம்மா," என்றேன்.

"வாய் கோணினதால வந்தது இல்லீங்க இது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். காலையில் வந்தவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆயர் மாமாவின் தலையில் கைவைத்து, "உமது உண்மையுள்ள ஊழியக்காரர்" என்று உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். பிறகு வடையும் டீயும் கொடுத்தேன். வாய் நிறைய வடையோடு ஒருவர் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். உதட்டோரம் எண்ணெய் மினுங்கியது. அந்த வாய்களையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பு தாங்கவில்லை. நின்றபடியே, காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

மெல்லுவது நின்றது. ஆயர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார்.

"நோயாளிம்மா. அந்தக் காலத்து மனுஷர். மனசுல வெச்சுக்காதீங்க. ஜெபம் பண்ணுவோம்."

"யாருக்காகங்க பண்ணுவோம்?" என்று கேட்டேன்.

சீக்கிரமே கலைந்து போனார்கள். காலையில் வந்தவர் மட்டும் வாசலில் செருப்பைத் தேடியபடி, "வீட்டு விஷயத்தக் கூட்டத்துல பேசலாமா?" என்றார். கதவைச் சாத்தினேன்.

மறுநாள் பக்கத்து வீட்டம்மாவை மாமாவுக்குத் துணைவைத்துவிட்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். பௌர்ணமி நெருங்கியிருந்தது. கிரிவலப் பாதையோரம் அவள் தன் தங்கையோடு கடை போடத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கயிற்றை விடாமலே, "உக்காருங்க" என்று பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

"மன்னிச்சுடுங்க," என்றேன். அன்றுதான் அவளிடம் முதன்முறையாக 'ங்க' போட்டுப் பேசினேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னா உங்களுக்கு நிம்மதியாப் போயிடும். அதுக்காக நான் சொல்லணுமாங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. முடிச்சை இறுக்கிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனாள். திரும்ப வருவீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அதன்பின் லீவு போட்டு நானே மாமாவைப் பார்த்துக்கொண்டேன். எச்சிலைத் துடைத்தேன். ஆச்சரியம், எனக்குக் குமட்டவே இல்லை. அது வெறும் தண்ணீர்தான். அவர் சாப்பிடுமுன் வலது கையை நெஞ்சில் வைத்து, கண்மூடி முணுமுணுப்பாரே, அதைப் பார்க்கும்போதுதான் குமட்டும். காலை ஜெபத்தில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. இந்த மனுஷனைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது ஆண்டவரே, புடவையைப் பார்த்த என்னைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். கணவர் சனிக்கிழமை வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பாகிட்ட இதப் பத்திப் பேசாத, பிரஷர் ஏறிடும்" என்றார்.

லீவு முடிவதற்குள் வேறொரு பெண் கிடைத்தாள். முதல் நாள் அவள் சமையல்கட்டில் டம்ளரை அலம்பும் சத்தம் கேட்டதும் மாமா என் கையைப் பிடித்தார்.

"எந்த... தெரு?"

"எனக்குத் தெரியாது மாமா. நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். அவங்க தண்ணி குடுத்தாக் குடிங்க. இல்லன்னா தாகத்தோட இருங்க. நான் ஸ்கூலுக்குப் போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை வாயில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். நல்ல வெயில் நாள். கொஞ்ச நேரம் உதட்டை இறுக்கி வைத்திருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அவர் மனம் திரும்பிவிட்டதாக நான் நினைக்கவில்லை. தாகம், அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.