ஆணி இருந்த இடம்

சலூன்காரரின் கண்ணாடிக்கு மேலே முப்பத்தோர் ஆண்டுகள் ஓர் ஆணி இருந்தது. சவரம் முடிந்து முகத்தைத் துடைத்ததும் அவர் ஈரத்துண்டை நிமிர்ந்து பார்க்காமலே வீசுவார். அது நேராகப் போய் ஆணியில் தொங்கும். நான் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் அளவு குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் தேதி போட்டு நோட்டில் எழுதும் பழக்கம் விடவில்லை. துண்டு குறி தவறியதாக நான் எழுதியிருப்பது இரண்டே முறை. ஒன்று, அவர் மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று. மற்றது, தெருமுனையில் இடி விழுந்தபோது.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'துண்டு'தான். அவர் மனைவியே கடை வாசலில் வந்து நின்று, "துண்டு உள்ள இருக்காரா?" என்று கேட்டதுண்டு.

சென்ற ஆண்டு மார்ச்சில் புதிய விதி வந்தது. ஆட்கள் வந்துபோகும் எல்லாக் கடைகளிலும் கேமரா வேண்டும்; அது பார்ப்பதெல்லாம் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போகும். விதி வந்த செவ்வாய்க்கிழமை சலூனில் கத்தரிக்கோல் சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம் அதிகம்.

"என் வழுக்கைய எவனோ ஒருத்தன் சம்பளம் வாங்கிக்கிட்டு உக்காந்து பாக்கணுமா?" என்றார் பக்கத்துக் கடைத் தையல்காரர்.

"வழுக்கைய ஏன் மச்சான் பாக்கப் போறான்? நீ பேசுற பேச்சத்தான் பாப்பான்," என்றார் சலூன்காரர். "நமக்கு ஒளிக்க என்ன இருக்கு? தப்பு பண்றவனுக்குத்தான் பயம்."

நாற்காலியில் நுரையோடு இருந்த லாரி டிரைவர் வாயை ஒருபக்கமாகத் திறந்து சொன்னார்: "உனக்குத் தெரியாது மாமா. என் வண்டியில ஒண்ணு மாட்டியிருக்காங்க. ஒண்ணுக்குப் போக நிறுத்துனா, ஏன் நின்னேன்னு போன் வருது."

"நல்லதுதானே. அக்கறையா விசாரிக்கிறாங்க," என்றார் சலூன்காரர். கடையே சிரித்தது.

கேமரா மாட்ட வந்தவர் அளந்து பார்த்தார். நாற்காலியும் கதவும் சேர்ந்து தெரிகிற இடம் ஒன்றுதான். ஆணியைப் பிடுங்கிவிட்டு, அங்கேயே கேமராவைப் பொருத்திவிட்டுப் போனார்.

கைக்கு அது தெரியவில்லை. துண்டு பறந்துபோய்க் கேமராவின் மேல் உட்கார்ந்தது. அடுத்தவருக்குச் சவரம் முடிந்ததும் சலூன்காரர் அதை எடுப்பார், முகத்தைத் துடைப்பார், மறுபடி வீசுவார். ஜூன் பதினான்கு, காலை 8.40-க்கு நான் எழுதியது இது: 'கேமரா மேல் துண்டு கிடக்கிறது என்றேன். அதுக்கும் வேர்க்கும்ல அண்ணே, என்று சிரித்தார். பக்கவாட்டில் வேறு ஆணி அடிக்கச் சொன்னேன். நாளைக்கு என்றார்.'

அவர் அந்த ஆணியை அடிக்கவே இல்லை. அலுவலகத்திலிருந்து போனுக்கு மூன்று எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு லிங்க். தெரியாத லிங்க்கைத் தொடவே கூடாது என்று அரசாங்கமே போனில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் சொன்னபடி கேட்டு, மூன்றையும் அழித்துவிட்டார்.

ஜூலை ஒன்பது, காலை 9.20. இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நாற்காலியில் அதே லாரி டிரைவர், ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் நுரையோடு.

"இந்தப் பக்கத்த மட்டும் முடிச்சுக்கிறேங்க," என்றார் சலூன்காரர்.

"இப்பவே வெளிய வாங்க பெரியவரே. நேரம் பதிவாகுது."

நோட்டீசில் இருந்தது: கண்காணிப்பை வேண்டுமென்றே தடுத்தது, 2,316 முறை. டிரைவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவு யாவாரமா நடந்துச்சு மாமா?" என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை. கேமரா மேல் கிடந்த துண்டை ஒரு பையில் போட்டு, 'வெள்ளைத் துண்டு ஒன்று, ஈரம்' என்று ரசீது கொடுத்தார்கள். ஷட்டருக்கு சீல் விழுந்தது.

சீலை எதிர்த்து அவர் போட்ட மேல்முறையீட்டுக்கு முந்தைய நாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். என் நோட்டுதான் சாட்சி. பழக்கத்தில் நடந்தது என்று அதில் தேதி வாரியாக இருக்கிறது.

"அந்த ஜூன் பதினாலு மட்டும் வேணாமே அண்ணே," என்றார். "தெரிஞ்சே பண்ணேன்னு ஆயிடும்."

ஒரு பக்கத்தைக் கிழித்தால் மற்ற பக்கங்களை யார் நம்புவார்கள் என்று சொன்னேன்.

மறுநாள் அலுவலகத்தில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். காரணங்கள் என்று நான்கு இருந்தன: மின்தடை, தீ, வெள்ளம், திருட்டு.

"இதுல ஒண்ணத் தொடுங்க ஐயா. துண்டுன்னு இதுல இல்ல."

"மின்தடைன்னு போடட்டுமாம்மா?"

"மின்வாரியக் கணக்கு இதோட சேந்திருக்கு. பொய்னு அடுத்த நிமிஷமே தெரிஞ்சிரும்."

"அப்ப நடந்தத எங்க சொல்றது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் காய்ச்சல்ல என் முகம் வீங்கியிருந்துச்சுங்க. வாசல்ல இருக்கிற மெஷின் இது நான் இல்லைன்னு சொல்லி லீவு போட்டுருச்சு. நானே இன்னும் யார்கிட்ட சொல்றதுன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

நோட்டை நீட்டினேன். திறக்காமலே திருப்பித் தள்ளினாள். காகிதம் வாங்குவதில்லையாம். ஒன்றையும் தொடாமல் இருந்ததால் நேரம் முடிந்து திரை தானாகவே மூடிக்கொண்டது. லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்கு ரத்து. வேறு கடையில் கூலிக்கு நிற்கவும் முடியாது. எங்கே அவர் பெயரைப் பதிந்தாலும் சிவப்பாகக் காட்டும். அவருக்கு வயது அறுபத்து மூன்று.

படியிறங்கும்போது சொன்னார்: "யாருமே படிக்காத நோட்டுக்கா அண்ணே அவ்வளவு பாத்தீங்க?"

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன்.

நேற்று அவரும் நானும் கடைப்பக்கம் நடந்தோம். சீல் வைத்த கடையிலும் கேமரா ஓட வேண்டும் என்பது விதி. அவர் குனிந்து ஷட்டர் இடுக்கில் பார்த்தார். உள்ளே சிவப்புப் புள்ளி மினுங்கியது.

"நாற்காலி, கதவு, எல்லாம் நல்லாத் தெரியும் இப்ப," என்றார்.

நிமிர்ந்து, வெறும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.