கதிர் அண்ணன் எழுதாமல் விட்ட பக்கங்கள்

செய்தி வந்தபோது வீங்கிய முழங்காலில் ஐஸ் வைத்துப் படுத்திருந்தேன். போனை எடுத்த அம்மா, "கதிரு போயிட்டானாம்டா" என்றாள். "எங்க, பிரான்சுக்கா?" என்று கேட்டேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று நம் ஹீமோஃபீலியா சங்கத்தில் உள்ளவர்களுக்குப் புரியும். முந்தின மாதம்தான் குரலை மாற்றி அவருக்குப் போன் செய்து, "பிரான்சுலேர்ந்து பேசறோம். உங்க ஜீன் ரெடி" என்றிருந்தேன். அவர் அசரவில்லை. "மீனுன்னா எங்க வீட்லயே கெடக்குது சார். ஜீன மட்டும் சீக்கிரம் அனுப்புங்க" என்றார்.

கதிர் அண்ணனுக்கு நோணாங்குப்பம் படகுத்துறையில் வேலை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவார். அப்பாவும் இரண்டு தம்பிகளும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கோ நம்மைப் போல ஹீமோஃபீலியா. ரத்தம் சட்டென்று உறையாது. இறந்துபோன இருபத்தாறு வயதுவரை அப்பா இவரைப் படகில் ஏற்றியதே இல்லை. "ஊரானுக்கெல்லாம் ஜாக்கெட் மாட்டி அனுப்பறேன். என்ன மட்டும் கரையிலயே கட்டிப்போட்டுட்டாங்கடா" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். டாக்டர் ஜீன் சிகிச்சை பற்றிப் பேசினார். நம் உடம்பில் பழுதாகிப்போன ஜீன் என்ற குறிப்பின் நல்ல நகலை, நோய் நீக்கிய வைரஸ் ஒன்றில் ஏற்றி, ஊசி வழியாக உள்ளே அனுப்புவார்களாம். பிரான்சு போன்ற வெளிநாடுகளில் சிலருக்குப் போட்டதில் கொஞ்ச நாள் பலன் இருந்து, பிறகு குறைந்துவிட்டதாம். பின்வரிசையில் இருந்து ஓர் அம்மா எழுந்து, "வைரஸா? ரத்தம் ஏத்தப் போயி எம் புள்ள மஞ்சக்காமாலைய வாங்கியாந்தது பத்தாதா?" என்று கேட்டார். கூடம் முழுக்கத் தலையாட்டியது. கதிர் அண்ணன் மட்டும் எழுந்து, "எத்தினி ஊசி டாக்டர்?" என்றார். "ஒண்ணுதான்." "ஒண்ணே ஒண்ணா!" என்று உட்கார்ந்தவர், அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இங்கே வருவதற்கு வருஷங்கள் ஆகலாம், வந்தால் நம் நோட்டுகளைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள் என்று டாக்டர் முடித்தார்.

ஒவ்வொரு ரத்தக் கசிவையும் தேதி போட்டு எழுதச் சொல்லி சங்கம் கொடுத்த நோட்டு அது. அன்றிலிருந்து கதிர் அண்ணன் அதில் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் படகுத்துறைக்குப் போனபோது அவர் கணுக்கால் பலாக்கொட்டைபோல் புடைத்திருந்தது. மீன் பெட்டி ஐஸை லுங்கிக்குள் மறைத்து வைத்திருந்தார்.

"எழுதலையாண்ணா?"

"இன்னாடா பேசற? படகுக்கு ஆள் எடுக்கசொல்ல கை கால் நல்லா இருக்கறவனத்தான எடுப்பான்? நோட்டு நெறைய சீக்கா இருந்தா எவன் ஊசி போடுவான்?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு அட்டையில் 'ரத்தம் சிந்தா ரத்தினம்' என்று பட்டம் எழுதிக் கொடுத்தேன். ஜாக்கெட் அறைச் சுவரில் அதை ஒட்டி வைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் படகுத்துறைப் பலகையில் வழுக்கி விழுந்து, கட்டையில் தலையை மோதிக்கொண்டார். தலையில் அடி என்றால் முதலில் ஆஸ்பத்திரி என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் அது பதிவாகிவிடும். அதனால் போகவில்லை. "லேசா தலவலிடா, மாத்திர போட்டுட்டேன்" என்று என்னிடம் மட்டும் போனில் சொன்னார். "உள்ள ஒண்ணும் இல்லாத தலை எப்படிண்ணா வலிக்கும்?" என்றேன். நெடுநேரம் சிரித்தார். மூன்றாம் நாள்தான், அவர் போய்விட்டார் என்ற அந்தப் போனை அம்மா எடுத்தாள்.

காரியம் முடிந்த பிறகு டாக்டரிடம் போய், வெற்று நோட்டு உள்ளவர்களைத்தான் எடுப்பார்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அடிக்கடி கசியறவங்களுக்குத்தாம்பா மொதல்ல தேவை. முன்னாடி எத்தனை தடவைன்னு தெரிஞ்சாத்தானே, ஊசிக்கு அப்புறம் குறைஞ்சுதான்னு சொல்ல முடியும்?" என்றார். இந்த ஒரு கேள்வியை அந்த ஞாயிற்றுக்கிழமையே நம்மில் யாராவது கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிற நானாவது கேட்டிருக்கலாம்.

கதிர் அண்ணனின் அப்பாவிடம் நோட்டை வாங்கிவந்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினேன். இடது கணுக்கால், மூன்று முறை. வலது முழங்கை. ஈறு. கடைசி வரி: 'தலை. என்னிடம் சொன்னார். நான் கேலி செய்தேன்.' டாக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

நோட்டு அங்கேயே இருக்கட்டும். நான் வைத்துக்கொண்டது, "ஒண்ணே ஒண்ணா!" என்ற அந்தக் குரலை. கூடமே பயந்திருந்தபோது அவர் ஒருவர்தான் ஆசைப்பட்டார். அந்த ஊசி என்றைக்கு வந்தாலும் நான் பெயர் கொடுப்பேன். போட்டுக்கொண்டு அவர் அப்பாவின் படகில் ஏறுவேன். ஏற்றிக்கொள்வதாக அவர் அப்பா சொல்லியிருக்கிறார்.