கொஞ்சம் உக்காருவோமா

எங்கள் அக்கா அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் கம்ப்யூட்டர் கேமில் வந்த ஒரு நொண்டி வில்லாளிக்காக. அழவைத்த புண்ணியவதி நான்.

என் ஆறாம் வகுப்புக் காலாண்டு லீவுக்கு மாமா ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஆமத்தூரில் எங்கள் வீட்டில் வைத்தார். சிவகாசி அச்சாபீஸில் லேபிள் டிசைன் செய்து ஓய்ந்துபோனது. லீவு முடிந்ததும் எடுத்துக்கொள்வார். அதில் ஒரு கேம் இருந்தது. ஓர் இளவரசி கூட்டாளிகளோடு ஏழு மலை தாண்டிப் போய்த் தன் ஊரை மீட்க வேண்டும். பேசுவதெல்லாம் இங்கிலீஷ். அக்கா எழுத்துக் கூட்டுவதற்குள் வசனம் ஓடிவிடும். வீட்டில் இங்கிலீஷ் படித்த மகா மேதை நான்தானே! அந்த மேதையைப் படிக்கவைக்கத்தான் அக்கா பத்தாவதோடு நின்று, பட்டாசு செய்யும் பயராபீஸ் வேலைக்குப் போனாள்.

தீபாவளி சீசன். விடியுமுன் வேன் ஏறிப் போகிறவள் பொழுதடையத் திரும்புவாள். சரவெடி பின்னிய கைகளில் அலுமினியப் பவுடர் அப்பியிருக்கும். கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

கூட்டாளிகளில் ஒருவனான அந்த நொண்டி வில்லாளிக்கு ஒரு வழக்கம். சண்டை முடிந்ததும் இளவரசியிடம் ஒன்று கேட்பான். அதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே அக்காவுக்குச் சொல்வேன்: "ரொம்பக் களைச்சுப் போயிட்டீகளா? கொஞ்சம் உக்காருவோமா?"

"ஆமான்னு போடுட்டி" என்பாள் அக்கா.

இளவரசிக்குத் தெம்பெல்லாம் முழுசாகத்தான் இருக்கும். உட்கார்ந்தால் நேரம்தான் வீண். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் போடுவேன். அவர்கள் இருவரும் நெருப்பருகே உட்காருவார்கள். அக்கா பார்த்துக்கொண்டே இருப்பாள். வேலை விட்டு வந்ததும், "அவுக காலு இப்ப எப்படி இருக்காம்?" என்பாள். "யாருட்டி அந்த அவுக?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கிண்டல் செய்வாள்.

ஏழாவது மலைக்கு வந்துவிட்டோம். கோட்டைக் கதவைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் பின்தங்க வேண்டும், தங்குகிறவர் சாக வேண்டும். யாரை விடுகிறாய் என்று கேம் கேட்டது.

"நாளைக்கு நான் வாரது வரைக்கும் பொறுட்டி. அவுகளை மட்டும் விட்டுறாத" என்றாள் அக்கா.

மறுநாள் அக்கா வேலைக்குப் போன பிறகு, அன்று சாயங்காலமே மாமா வருகிறார் என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்களிடம் வாளும் மந்திரமும் இருந்தன, இவன் நொண்டி. இவனையே விட்டேன். பத்து நிமிடத்தில் ஊரை மீட்டேன். மாமா கம்ப்யூட்டரை எடுத்துப் போனார்.

அக்கா கைகூடக் கழுவாமல் ஓடிவந்தாள். மேசை காலியாக இருந்தது.

"அவுக என்னட்டி ஆனாக?"

"செத்துட்டான். ஆனா நான் ஜெயிச்சுட்டேன்ல!"

அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஊரு சிரிக்கப் போகுது. எந்திரிட்டி, உலை வைக்கணும்" என்றாள் அம்மா. அக்கா கையை எடுத்தபோது முகமெல்லாம் அலுமினியப் பவுடர், கண்ணீர் ஓடிய கோடு தவிர. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவி.

அவள் எழுந்து முகம் கழுவி உலை வைத்தாள். பொம்மைக்குப் போய் இந்த அழுகையா, லூசு என்றுதான் அப்போது நினைத்தேன். களைத்துப் போனாயா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. லீவு முழுக்க அந்தக் கேள்வியைத் தமிழில் அவளிடம் சொன்னதே நான்தான். அன்றைக்கும் அடுப்படியில் எட்டிப் பார்த்து நான் கேட்டது, என்ன குழம்பு என்றுதான்.