எங்கள் வானத்தில் பறக்காத விமானம்

"பிளேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ பூருறவள், பிளேன் திருத்தப் படிக்கப் போறாளாம். பார்ப்பம்."

அண்ணா இதைச் சொன்னபோது முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அண்ணா கடலுக்குப் போவதற்காகப் பாதியில் நின்றவன். விமானப் பராமரிப்புப் படிப்புக்கு நான் கொழும்பில் பரீட்சை எழுதித் தெரிவாகியிருந்தேன். எங்கள் கரையிலிருந்து வேறு யாரும் அந்தப் படிப்புக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் அண்ணா சொன்னது பொய்யில்லை. கடைசிச் சண்டைக் காலத்தில் நாங்கள் எங்கள் ஊரான மன்னார்த் தீவில் இருக்கவில்லை. பெரியமடுவுக்கும் அப்பால், காட்டுக்குள் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். நான் அப்போது சின்னப் பிள்ளை. அந்த நாட்களில் எனக்கு ஞாபகம் இருப்பது முகங்கள் அல்ல, சத்தங்கள். குண்டு போடும் கிபிர் ஜெட் வரும்போது வானத்தைக் கிழிக்கிற சத்தம். ஆளில்லாமல் சுற்றுகிற வேவு விமானத்தை வண்டு என்போம், அதன் ஓயாத இரைச்சல். இப்போதும் ஏதாவது தாழப் பறந்தால் என் உடம்பு என்னைக் கேட்காமலே குனிந்துவிடும்.

படிப்புக்கான இடத்தை உறுதிப்படுத்தச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் என்னால் ஒரு விமானத்தோடு ஒரே அறையில் இருக்க முடியுமா என்று எனக்கே தெரியவேண்டியிருந்தது. அதனால்தான் சான்றிதழ்களைக் காட்டக் கொழும்பு போன அன்று, துண்டு துண்டாக வந்து நாமே ஒட்டிச் செய்கிற மாதிரி விமானங்கள் விற்கும் கடையொன்றைத் தேடிப் போனேன்.

"தம்பிக்கா மிஸ்?" என்றார் கடைக்காரர்.

"இல்லை, எனக்கு."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ராக்கையைக் காட்டினார். பெட்டி பெட்டியாகப் போர் விமானங்கள். நான் பெட்டிகளை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன். இங்கிலீஷ்காரனுடையது வேண்டாம், உலகப் போரில் அது இங்கே இருந்தது. ஜப்பான்காரனுடையது வேண்டாம், அது கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டது. கூரிய மூக்குள்ள ஜெட் விமானப் பெட்டிகளை நான் தொடவே இல்லை. எங்கள் வானத்தில் ஒருநாளும் பறக்காத விமானம் ஒன்று எனக்கு வேண்டும். அப்படி ஒன்று எங்களுக்கு எதுவும் செய்திருக்காது அல்லவா.

அடித்தட்டில் கிடந்தது அந்த இத்தாலிய விமானம். பெட்டியில் எழுதியிருந்த பெயருக்கு அம்பு என்று பொருளாம். தடித்த மூக்கு, கூனல் முதுகு. விமானி இருக்கும் இடத்துக்கு மேல்மூடி இல்லை.

"அதையா எடுக்கப் போறீங்க? ஒருத்தர் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தந்துட்டாரு. ஒரு பக்கத்துச் சிறகு நீளமாம், பழுதுன்னு சொன்னாரு."

நான் அங்கேயே பெட்டியைத் திறந்து விளக்கத்தாளை வாசித்தேன். பழுதில்லை. உண்மையான விமானமே அப்படித்தான். மூக்கு விசிறி ஒரு பக்கம் சுழல, உடல் மறுபக்கம் சரியப் பார்க்கும். அந்தச் சரிவைத் தாங்குவதற்காக இடச் சிறகை வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாகச் செய்திருந்தார்கள். இதைக் கடைக்காரருக்கு விளக்கியபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவர் விலையில் குறைத்துத் தந்தார்.

வீட்டில் மேசையில் பேப்பர் விரித்து ஒட்டினேன். சிறகு முனைக்கு முனை என் ஒரு சாண் அளவு வந்தது. பெட்டிக்குள் சின்ன விமானி ஒருவனும் இருந்தான். அவனைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இருக்கையைக் காலியாகவே விட்டு, விமானத்தை அலுமாரியின் மேல் யன்னலைப் பார்த்தபடி வைத்தேன். அது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம். யன்னலால் காற்று வந்தபோது விசிறி தானாகச் சுழன்றது. 'கிர்' என்ற சத்தம், காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும்.

அம்மா அது என்னவென்று கேட்கவில்லை. அலுமாரியைக் கடக்கும்போது மட்டும் சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நடந்தார்.

அடுத்த நாள் நான் வீட்டுக்கு வரும்போது, காலையில் கொடியில் போட்ட உடுப்பெல்லாம் ஈரத்தோடு அறைக்குள் குவிந்து கிடந்தன.

"மழை வரும் எண்டு நினைச்சன்," என்றார் அம்மா. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் சோறு இல்லை. அடுப்பு தண்ணீர் ஊற்றி அணைக்கப்பட்டிருந்தது. அரிசி அரை வேக்காட்டில் பானையில் கிடந்தது. முற்றத்தில் கவிழ்த்து வைக்கும் அலுமினியச் சட்டிகள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே போயிருந்தன. கேட்டால் அம்மா தன் கைகளையே பார்த்தார்.

அண்ணா வெளியிலிருந்து கத்தினான்: "இஞ்ச வந்து பாரடி! அம்மா என்ர பைக்குக்கு முக்காடு போட்டிருக்கிறா."

மோட்டார் சைக்கிளின் இரண்டு கண்ணாடிகளையும் சாக்குத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அண்ணா சிரித்தான். பிறகு அவன் சிரிப்பு நின்றது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. காட்டுக்குள் இருந்தபோது எல்லாரும் செய்தது இதுதான். நிற உடுப்பு வெளியே கிடக்கக்கூடாது. புகை எழும்பக்கூடாது. வெயிலில் எதுவும் மினுங்கக்கூடாது. மேலே இருப்பவனுக்கு இங்கே ஆள் இருக்கிறதென்று தெரியக்கூடாது.

"அதைத் தூக்கி எறி," என்றான் அண்ணா மெதுவாக.

நான் எறியவில்லை. எறிந்தால் படிப்பையும் சேர்த்து எறிவதாக இருக்கும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் வீடு திறந்தபடி கிடந்தது, அம்மாவைக் காணவில்லை. தெற்குக் கரையிலிருந்து காற்றாலைகளின் இரைச்சல் வழமையைவிடக் கூடுதலாகக் கேட்டது. பின்வளவில் மண்வெட்டிச் சத்தம். போய்ப் பார்த்தேன். பனைகளுக்கு நடுவே அம்மா முழங்கால் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டியிருந்தார். நீளமாக, ஒரு வளைவோடு, குண்டுவீச்சுக்கு ஒளியும் பங்கர் வெட்டுகிற மாதிரியே. தீவு மண்ணில் அவ்வளவு ஆழத்திலேயே தண்ணீர் ஊறிவிடும். கிடங்கின் அடியில் கலங்கல் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அம்மா அதற்குள் நின்று தொடர்ந்து வெட்டினார்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

அப்போது கடல் பக்கமிருந்து ஏதோ வந்தது. காற்றாலைதானா, நேவிக்காரரின் விமானமா, அலுமாரி மேல் சுழலும் விசிறியா, எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. சத்தம் தலைக்கு மேலே நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு எனக்குத் தெரிந்தது குளிர். கணுக்கால்வரை தண்ணீர். என் முகம் அம்மாவின் தோளில் புதைந்திருந்தது. நான் எப்போது இறங்கினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

அம்மா என் முகத்தை நிமிர்த்தினார். நித்திரையிலிருந்து எழும்பியவர் போலப் பார்த்தார்.

"பிள்ளை, நீ ஏன் இறங்கினனீ?"

"நீங்கள் ஏன் வெட்டினீங்கள்?"

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. "இதுக்குள்ள பங்கர் வெட்டினால் தண்ணியில தாண்டு மூச்சுமுட்டித்தான் சாவம்," என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. நான் முதலில் ஏறி, அவரைக் கைகொடுத்துத் தூக்கினேன்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா நேராக அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். முதல்முறையாக அதை நேரே பார்த்தார்.

"உதை ஓட்டுறவன் எங்க?"

"பெட்டிக்குள்ள இருக்கிறான். நான் ஏத்தேல்லை."

"ஏத்து. ஆளில்லாமல் நிக்கிறதுதான் எனக்கு ஏலாமக் கிடக்கு. அந்த நாளையில ஒருத்தன்ர மூஞ்சையையும் நாங்கள் கண்டதில்லை."

நான் அந்தச் சின்ன விமானியை எடுத்தேன். அம்மா விரல் நுனியில் அவனைப் பிடித்துக்கொண்டார், நான் பசை வைத்தேன். பிறகு ஊசிமுனைத் தூரிகையில் கறுப்பைத் தொட்டு அவன் முகத்துக்குக் கொண்டுபோனேன்.

"கண் வேண்டாம்," என்றார் அம்மா சட்டென்று. "கண் வைச்சால் எங்களைப் பார்ப்பான்."

கண் இல்லாமலே அவன் தன் இடத்தில் இருக்கிறான். அன்றிலிருந்து உடுப்பு கொடியிலேயே காய்கிறது, சோறும் வேகிறது. ஆனால் சில நாட்களில் பைக் கண்ணாடியில் சாக்குத் துணி கட்டியிருக்கும். யார் கட்டியதென்று நாங்கள் கேட்பதில்லை. கிடங்கை அண்ணா மூடினான். மழைத் தண்ணீர் நின்றால் அந்த இடம் மட்டும் அதே வளைவோடு பதிந்து தெரியும்.

பயம் போய்விட்டதென்று நான் சொல்லமாட்டேன். அது என் உடம்பிலும் இருக்கிறது, அம்மாவின் கைகளிலும் இருக்கிறது. ஆனால் அந்தக் கிடங்கிலிருந்து நான் என் காலாலேயே ஏறி வந்தேன். அதை நினைத்துத்தான் மறுநாள் காலையில் இடத்தை உறுதிப்படுத்தினேன். படிப்பு தொடங்கும் முதல் நாள் பெற்றோரும் வரலாம், உண்மையான எஞ்சின் ஒன்றை ஓடவிட்டுக் காட்டுவோம் என்று சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"காது அடைக்கப் பஞ்சு தருவினமோ?"

"தருவினம்."

"ஓம். அப்ப வாறன்."

நேற்றுக் கொழும்பு பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் சீட் போட்டுவிட்டேன்.