ஒரு விரலுக்கு எட்டும் விசைகள்

அக்கா தண்ணீர்ப் பம்புகளுக்குக் கையேடு எழுதுபவள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா கட்கியில் வாங்கிய சின்ன வீட்டில், அவர் காலமான பிறகும் தனியாகவே இருந்தாள். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்தாள். கல்யாணமாகி அதே ஊரின் இன்னொரு பகுதியான ஔந்துக்கு வந்துவிட்ட நான் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன்.

கையேட்டில் பம்பின் பொத்தானின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கவேண்டும். எச்சரிக்கை சிவப்பில், பம்பின் சின்னத் திரையில் வரும் செய்தி வேறு எழுத்துருவில். கணினியில் ஒவ்வொன்றுக்கும் நிறமும் எழுத்துருவும் சேர்ந்த ஒரு ஸ்டைல் அமைத்து, கன்ட்ரோல், ஆல்ட் விசைகளை ஓர் எழுத்தோடு சேர்த்து அழுத்தினால் வரும்படி செய்திருந்தாள். கம்பெனி சிவப்பை ஆரஞ்சாக்கச் சொன்னால் ஓரிடத்தில் மாற்றுவாள், இருநூறு பக்கமும் மாறிவிடும். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் செய்து காட்டுவாள்.

போன வருஷம் இடது கை விரல்கள் தளர ஆரம்பித்தன. பனியால்தான் என்றாள். ஒரு சனிக்கிழமை அவல் போஹா தட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. நரம்பு நோய், குணமாகாது என்று டாக்டர் மராத்தியில் மெதுவாகச் சொன்னார். அடுத்து எந்தக் கை என்று மட்டும் அக்கா கேட்டாள்.

"மூணு கீயைச் சேர்த்துப் பிடிக்க வரலடி," என்றாள் அடுத்த வாரம். எங்கே போய் எதை மாற்றவேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் மேல்வரிசை விசைகளுக்கு மாற்றினேன். எஃப் எட்டு பொத்தானின் பெயருக்கு, எஃப் ஒன்பது எச்சரிக்கைக்கு. இனி ஒரு விரல் போதும். அவள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும்க்கா. வேலையை விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துடு."

"அங்க வந்து நான் என்ன செய்வேன்? இங்க நான் புக் எழுதுறவ," என்றாள்.

கடைசிக் கையேட்டின்போது வலது கையும் போய்விட்டது. நான் லீவு போட்டு வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லையும் அதன் வகையையும் அவள் சொல்வாள், நான் அழுத்துவேன். ஒரு தடவை எஃப் ஒன்பதுக்குப் பதில் எஃப் எட்டை அழுத்திவிட்டேன். படுத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அது வார்னிங்டி. தப்பாப் போட்டா யாருக்காவது கை போயிடும்."

நான் அதைச் சரிசெய்தேன்.

கையேட்டை அனுப்பிய அன்றே ராஜினாமா கடிதமும் தட்டச்சு செய்யச் சொன்னாள். இரண்டே வரிகள். மறுவாரம் அவளை ஔந்துக்கு அழைத்து வந்துவிட்டேன். ஜன்னலோரம் கட்டில் போட்டோம். ஒருநாள் அவளுடைய லேப்டாப்பை எடுத்துவந்து, எதையாவது பார்க்கிறாயா என்று கேட்டேன். மூடி வைக்கச் சொன்னாள். வேலையைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் பெண் பள்ளியிலிருந்து வந்து ஏதாவது சொன்னால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்திலேயே, ஒரு மத்தியானம், நான் கஞ்சி எடுத்துவரப் போயிருந்த நேரத்தில் போய்விட்டாள்.

எல்லோரும் நான் நன்றாகப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். கட்கி வீட்டிலேயே இருக்கிறாயா என்று அவளிடம் ஒருநாளும் நான் கேட்கவில்லை. என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.