பதினெட்டு டிகிரி மரியாதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பெரம்பலூரில் நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன்... புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டும் பல் தந்தியடித்தது.

இடம்? ராமலிங்கம் அண்ணனின் பழைய வெங்காய குடோன். வெங்காய வியாபாரி, விளையாட்டென்றால் உயிர். குடோனையே தடகளப் பயிற்சிக் கூடமாக மாற்றிவிட்டார். தகரக் கூரைக்குக் கீழே சீலிங், தரையில் ரப்பர் விரிப்பு, உயரம் தாண்ட மெத்தை, நாலு பெரிய ஏசி. தங்கமான மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

அன்று அங்கே உயரம் தாண்டும் தேர்வு. இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஏழு பேர். அதில் ஒருத்தி கீழப்பழுவூர் செல்வி. தினமும் இரண்டு பஸ் மாறி வந்து பயிற்சி எடுக்கிறவள். ஒன்று ஐம்பது — ஒன்றரை மீட்டர் — தாண்டினால் மாநில முகாமுக்குப் போகலாம். தாண்டாவிட்டால்? அடுத்த வருடம் அவள் இந்த வயதுப் பிரிவிலேயே இருக்க மாட்டாள். இதுதான் கடைசி வாய்ப்பு.

பயிற்சியில் அந்த உயரத்தை அவள் பல தடவை தாண்டியிருக்கிறாள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஸ்டெல்லா டீச்சர் என் தோழி, ஏலாக்குறிச்சிக்காரி. சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி வைத்திருக்கிறாள். கூடத்துக்குள் எப்போதும் இருபத்துநாலு டிகிரி இருக்க வேண்டும் என்பது அவள் சட்டம். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தால் தேவலாம், குதிக்கிறவர்களுக்குக் கூடாது, கால் இறுகிப்போகும் என்பாள். இருபத்துநாலைவிடச் சூடு ஏறினால் இரண்டாவது ரவுண்டிலேயே பெண்கள் வாடிப்போவார்களாம்.

எல்லாம் சரி. ஆனால் அன்று சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாரே!

நம் ஊரில் மரியாதையை எதில் அளக்கிறோம் தெரியுமா? குளிரில். கல்யாண மண்டபத்தில் சம்பந்தி ரூமுக்குள் போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனுக்குப் போய்ப் பாருங்கள். வந்தவர் எவ்வளவு பெரிய ஆளோ அவ்வளவு நடுங்க வேண்டும். ராமலிங்கம் அண்ணன் காலை ஆறு மணிக்கே நாலு ஏசியையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெர்மாமீட்டர் பதினெட்டைக் காட்டியது.

விருந்தினர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மே மாதத்தில் பொன்னாடையைக் கழற்றாமல், கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்த விருந்தினரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

செல்வி முதல் தடவை ஓடிவந்தாள். கம்பி விழுந்தது. இரண்டாவது தடவை... மறுபடியும் விழுந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள் தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டெல்லா நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, புள்ள காலு கட்டையாட்டம் இருக்கு. ரிமோட்டக் குடுங்க."

"சீஃப் கெஸ்ட் உக்காந்துருக்காருங்க டீச்சர். வேர்த்துச்சுன்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு?"

எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது. வாசகர்களுக்கு இது புதிதில்லை.

"ஏன், அவரா தாண்டப் போறாரு?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

விருந்தினர் எழுந்தார். போச்சு, கோபித்துக்கொண்டு கிளம்பப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பொன்னாடையைக் கழற்றி ஸ்டெல்லாவிடம் நீட்டினார்.

"இத அந்தப் புள்ள காலுல சுத்துங்க. எனக்கும் வந்ததுலேருந்து குளுருதுங்க. மரியாதையா இருக்காதேன்னு சொல்லாம இருந்தேன்."

ராமலிங்கம் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரிமோட் கை மாறியது. ஏசிகள் நின்றன. நடுவர் தன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே எல்லோருக்கும் இருபது நிமிடம் இடைவேளை கொடுத்தார். அண்ணனே ஓடிப்போய் பெரிய ஷட்டரைத் தூக்கினார். கத்திரி வெயில் உள்ளே வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அன்று ஒருநாள்தான்.

பத்தொன்பது... இருபத்தொன்று... இருபத்துமூன்று. இருபத்துநாலு வந்ததும் ஸ்டெல்லா ஷட்டரை இறக்கச் சொல்லி, ஏசியை மறுபடி போட்டு அதே அளவில் வைத்தாள். ஏழு பெண்களும் மறுபடி ஓடி, உதறி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள். செல்வி, காலில் சுற்றியிருந்த ஜரிகைத் துணியை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஓடினாள். வளைந்து வந்தாள். எழும்பினாள்...

கம்பி ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. விழவில்லை!

ஐம்பத்துமூன்று வயதில் நான் விசில் அடித்தேன். இன்ஜினியர் நாற்காலிமேல் ஏறாத குறை. ஸ்டெல்லா அழுதாள், செல்வி சிரித்தாள். அதோடு நிற்கவில்லை, ஒன்று ஐம்பத்துமூன்றையும் முதல் முயற்சியிலேயே தாண்டினாள். மாநில முகாமுக்கு அவள் பெயர் போகிறது. கீழப்பழுவூருக்கு அவள் ஏறிய பஸ்ஸில் அந்தப் பொன்னாடையும் போனது. விருந்தினர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே மறுத்துவிட்டார்.

மறுநாள் கூடத்துக்குப் போனேன். ஏசிக்குப் பக்கத்தில், சுவரில், வெங்காய மூட்டைக்கு நம்பர் போடும் அதே கறுப்பு மையில், அண்ணன் தன் கைப்பட எழுதி வைத்திருந்தார்:

"24. யார் வந்தாலும்."