உர்போவின் ஆள்காட்டி விரல்

கயானி ஊருக்கு வெளியே, மரம் வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் மின்கம்பியைத் தொட உரிமம் வேண்டும். வெல்டிங் செய்ய அனுமதி அட்டை வேண்டும். ஹைட்ராலிக் குழாயைத் தொட ஸ்பேனர் இருந்தால் போதும். முழு மரத்தைத் தூக்கும் அழுத்தம் அந்தக் குழாயில்தான் இருக்கிறது. ஆனாலும் ஓடுவது எண்ணெய்தானே என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கையின் தலைமைப் பூசாரி எங்கள் மூத்த மெக்கானிக் உர்போ கெரானன். ஹைட்ராலிக் பற்றி ஒருநாள்கூடப் படித்ததில்லை. அதனாலேயே அவருக்குச் சந்தேகம் என்று எதுவும் வந்ததில்லை. கசிவைக் கண்டுபிடிக்க இயந்திரத்தை ஓடவிட்டு, குழாயைக் கையால் தடவிக்கொண்டே போவார். ஈரம் பட்ட இடத்தில் ஓட்டை. எங்களுக்கும் அப்படித்தான் காட்டிக்கொடுத்தார். நாங்களும் தடவினோம்.

டிசம்பரில் ஒரு காலை, தடவிக்கொண்டிருந்தவர் வெடுக்கென்று கையை இழுத்தார். கையுறையில் ஊசிமுனை அளவு துளை. உள்ளே ஆள்காட்டி விரலிலும் அதே.

"என்னண்ணே, குளவி கொட்டிருச்சா?" என்றான் உடன் வேலை செய்யும் வெய்யோ. "இந்தப் பனியிலயும் உங்களைத் தேடி வருது பாருங்க."

"ஓட்டை கிடைச்சிருச்சுல்ல? வாயை மூடிட்டுக் குழாயை மாத்து."

பெரிய வலி இல்லை. பிளாஸ்திரி ஒட்டி, காப்பி குடித்து, மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மனைவி ஹெல்விக்கு இறைச்சி ஆலையில் வேலை; கிறிஸ்துமஸுக்கான பன்றித்தொடைகளில் ஊசியால் உப்புநீர் ஏற்றுவது. கரண்டியைப் பிடிக்க முடியாமல் வீங்கி, வெளிறியிருந்த விரலை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னது இது?"

"எண்ணெய் பட்டுச்சு."

"மேல பட்டுச்சா, உள்ள போச்சா?"

"இத்துனூண்டு ஓட்டை. அதுல எவ்ளோ போயிரும்?"

"நான் தொடைக்கறிக்குத் தண்ணி ஏத்துறது மட்டும் எத்தாம்பெரிய ஓட்டைன்னு நெனச்ச? வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள பூரா நிக்கும். எந்திரி."

"சூப் ஆறிரும்."

"கை அழுகிரும். எது பெருசுன்னு கார்ல போய்ச் சண்டை போடலாம்."

ஔலு மருத்துவமனையில் விரலிலிருந்து உள்ளங்கை வரை கீறி எண்ணெயைக் கழுவினார்கள். மறுநாள்வரை பொறுத்திருந்தால் கை போயிருக்கும் என்றார் மருத்துவர். கை தப்பியது. விரல் நுனி தப்பவில்லை.

வசந்தத்தில் முதலாளிக்கு, ஆட்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று ஞானம் பிறந்தது. சுற்றுவட்டாரத்தில் ஆசிரியர் தேடினார், ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் உர்போவையே ஆசிரியராக்கினார்.

உர்போ எங்கள்முன் நின்று குட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "முதல்ல மெஷினை நிறுத்து. அழுத்தத்தை எறக்கு. கையால தடவாதே. இது முதல் பாடம்."

"மிச்சப் பாடம்லாம் எப்பண்ணே?" என்றான் வெய்யோ.

"மிச்சம் ஒம்பதும் கையிலேயேதான் இருக்கு. நடத்துறதா இல்ல."